50 மைக்ரான் தோலும் ஐந்து நாள் இருட்டும்

மைனஸ் 6 பவர் உள்ள கண்ணுக்கு, கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரியும் உலகம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டரோடு முடிந்துவிடுகிறது. ஒரு மீட்டரை ஆறால் வகுத்தால் வருகிற கணக்கு அது. ஒரு சாணுக்கும் குறைவு. அதற்கு அப்பால் இருப்பவை எல்லாம் நிறங்களாகவும் அசைவுகளாகவும் மட்டுமே தெரியும். பள்ளிப் பருவத்திலிருந்து கண்ணாடியோடு வாழ்ந்த நான் சென்ற ஆண்டு லேசர் சிகிச்சை செய்துகொள்ள முடிவெடுத்தபோது, எல்லோரையும் போல லேசிக் என்ற ஒரு சொல்லை மட்டுமே அறிந்திருந்தேன். பரிசோதனைகள் முடிந்த பிறகு மருத்துவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "உங்கள் கருவிழி கொஞ்சம் மெலிது. லேசிக் வேண்டாம், மேற்பரப்பிலேயே செய்துவிடலாம்" என்றார். பிஆர்கே என்ற பெயரை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன். லேசிக்கைவிடப் பழைய முறை அது, வலி அதிகம், பார்வை தெளியப் பல வாரங்கள் ஆகும் என்று அவரே அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டு போனபோது, முதல் வகுப்புச் சீட்டு கேட்டவனுக்கு நின்றுகொண்டு போகும் சீட்டு கிடைத்ததைப் போல ஓர் ஏமாற்றம் எனக்குள் எழுந்ததை மறைக்க விரும்பவில்லை.

அந்த ஏமாற்றம் தவறானது என்று புரிவதற்கு, கருவிழி என்பது என்ன என்பதை நான் முதலில் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தமிழில் அந்தச் சொல்லே சற்றுக் குழப்பமானது. கண்ணின் நடுவே கறுப்பாகவும் பழுப்பாகவும் தெரியும் வட்டத்தைத்தான் பேச்சு வழக்கில் கருவிழி என்கிறோம். கண் தானம் பற்றிய அறிவிப்புகளில் வரும் கருவிழியோ அந்த வட்டத்துக்கு முன்னால், கடிகாரத்தின் கண்ணாடியைப் போல வளைந்து நிற்கும் நிறமற்ற சன்னல். கார்னியா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். நடுப்பகுதியில் இதன் தடிமன் பெரும்பாலானவர்களுக்கு 540 மைக்ரானை ஒட்டி, அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். எனக்கு அது 485 மைக்ரான்.

கண்ணுக்குள் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையைக் கண்ணின் உள்ளே இருக்கும் லென்ஸ்தான் செய்கிறது என்று நான் பல ஆண்டுகளாக நம்பியிருந்தேன். உண்மையில் கண்ணின் மொத்த ஆற்றலான ஏறத்தாழ 60 டயாப்டரில் 43 டயாப்டர் அளவு கருவிழியின் பங்கு. பவரை அளக்கும் அலகுதான் டயாப்டர்; என் மைனஸ் 6 என்பதும் 6 டயாப்டர்தான். காற்றிலிருந்து திசுவுக்குள் ஒளி நுழையும் அந்த முதல் எல்லையில்தான் பெரிய திருப்பம் நிகழ்கிறது. உள்ளே இருக்கும் லென்ஸ் அதற்குப் பிறகு நுட்பமான திருத்தங்களைச் செய்கிறது. கிட்டப்பார்வை உள்ளவரின் கண்பந்து பெரும்பாலும் இருக்க வேண்டிய நீளத்தைவிடச் சற்று நீண்டு வளர்ந்திருப்பதால், ஒளி விழித்திரைக்கு வந்து சேர்வதற்கு முன்பே குவிந்து, பிறகு சிதறிய நிலையில் அதன் மேல் விழுகிறது. நீளத்தைக் குறைக்க வழியில்லை. சன்னலின் வளைவைத் தட்டையாக்கிக் குவியத்தைப் பின்னுக்குத் தள்ள முடியும். 43 டயாப்டர் உள்ள கருவிழியின் வளைவு ஆரம் 7.85 மில்லிமீட்டர், அதிலிருந்து 6 டயாப்டரைக் குறைக்க வேண்டுமானால் ஆரம் 9.12 மில்லிமீட்டர் ஆக வேண்டும். என் வாழ்நாள் முழுவதும் மூக்கின் மேல் சுமந்த கண்ணாடி, இந்த ஒன்றே கால் மில்லிமீட்டர் வேறுபாட்டை ஈடுகட்டத்தான் அங்கே உட்கார்ந்திருந்தது.

தூரப்பார்வைக்குக் கணக்கு தலைகீழ்: நடுவை விட்டுவிட்டு அதைச் சுற்றி வளையமாகச் செதுக்கினால் நடுப்பகுதி மேலும் குவிந்து நிற்கும். சிலிண்டர் பவர் என்று மருந்துச் சீட்டில் எழுதப்படும் ஆஸ்டிக்மாட்டிசத்துக்கு ஒரு திசையில் கூடுதலாகவும் மறு திசையில் குறைவாகவும் செதுக்குவார்கள்.

இப்போது அந்த 485 மைக்ரானுக்கு வருகிறேன். எவ்வளவு ஆழம் செதுக்க வேண்டும் என்பதற்குச் சார்லஸ் மன்னர்லின் என்பவரும் அவருடைய சகாக்களும் 1988-ல் வெளியிட்ட எளிய சூத்திரம் ஒன்று உண்டு. செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தைப் பவரால் பெருக்கி மூன்றால் வகுத்தால், ஆழம் மைக்ரானில் கிடைத்துவிடும். ஆறு மில்லிமீட்டர் வட்டத்துக்கு ஒவ்வொரு டயாப்டருக்கும் 12 மைக்ரான். எனக்கு 72 மைக்ரான். ஆனால் இரவில் பாவை, அதாவது ஒளி உள்ளே நுழையும் கறுப்புத் துவாரம், அகலமாக விரியும்போது செதுக்காத விளிம்பு வழியாகவும் ஒளி நுழைந்தால் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும் என்பதால், என் அறிக்கையில் விட்டம் 6.5 மில்லிமீட்டர் என்று குறித்திருந்தார்கள். அரை மில்லிமீட்டரைக் கூட்டியதற்கே ஆழம் 84 மைக்ரானாக உயர்ந்துவிட்டது. லேசிக்கில் இதற்கு முன்பாக 110 மைக்ரான் ஆழத்தில் ஒரு மடலை வெட்டித் திறக்க வேண்டும். அந்த மடலை மீண்டும் மூடி வைத்தாலும், கருவிழியின் வலிமைக்கு அது பெரிதாகத் தோள் கொடுப்பதில்லை. 485-லிருந்து 110-ஐயும் 84-ஐயும் கழித்தால் 291. மடலுக்கு அடியில் மிஞ்ச வேண்டிய தடிமனுக்கு 250 மைக்ரான் என்பது பழைய குறைந்தபட்ச எல்லை. இப்போது பலர் 300-க்குக் கீழே இறங்கத் தயங்குகிறார்கள். அளவுக்கு மீறி மெலிந்த கருவிழி, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் மெல்ல முன்னே பிதுங்கிக் கூம்பத் தொடங்கினால், கண்ணாடியாலும் திருத்த முடியாத பார்வைக் குறைவு வந்து சேரும். மேற்பரப்புச் சிகிச்சையில் மடலே கிடையாது. மேல்தோலுக்கு 50, செதுக்கலுக்கு 84 என்று கழித்தாலும் 351 மைக்ரான் மிஞ்சுகிறது. அதற்கு மேல் மேல்தோல் தானாகவே மீண்டும் வளர்ந்துகொள்கிறது. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்த இரவில்தான் மருத்துவர் எனக்குத் தந்தது இரண்டாம் தரச் சிகிச்சை இல்லை என்று மனம் ஒப்பியது.

மேல்தோல் என்று நான் எழுதுவது எபிதீலியம் என்னும், ஐந்து முதல் ஏழு அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய போர்வையை. இதை ஏன் அகற்ற வேண்டும், இதையே செதுக்கிவிட்டால் என்ன என்ற கேள்வி எனக்கு இயல்பாக வந்தது. இந்தப் போர்வை ஒரு வாரம் பத்து நாளில் முழுவதும் புதிதாகிவிடக் கூடியது. கருவிழியின் விளிம்பில் இருக்கும் குருத்தணுக்கள் ஓயாமல் புதிய செல்களை உள்நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. இதில் எதைச் செதுக்கினாலும் அது நீர்மேல் எழுத்துதான். அடியில் இருக்கும் ஸ்ட்ரோமா, கொலாஜன் இழைகளை ஒழுங்காக அடுக்கி நெய்த பகுதி. கருவிழியின் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு அதுவே. அங்கே எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வளர்வதில்லை. வளரும் பொருளை ஒதுக்கிவிட்டு வளராத பொருளில் வடிவத்தைப் பதித்து, வளரும் பொருள் மறுபடி அதன் மேல் படர்ந்து மூடும்வரை காத்திருப்பதே இந்தச் சிகிச்சையின் முழுத் தத்துவமும். மேல்தோலை நீர்த்த ஆல்கஹாலால் தளர்த்தி மழுங்கிய கருவியால் ஒதுக்கலாம், சுழலும் தூரிகையால் நீக்கலாம், லேசராலேயே எடுத்துவிடலாம். பிஆர்கே, லாசெக், டிரான்ஸ்-பிஆர்கே என்று பெயர்கள் மாறுவது பெரும்பாலும் இந்த முதல் படியில்தான்.

செதுக்கும் கருவி எக்ஸைமர் லேசர். ஆர்கானும் ஃப்ளூரினும் சேர்ந்த வாயுக் கலவையிலிருந்து பிறக்கும், 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் அது. லேசர் என்றதும் சுட்டுப் பொசுக்குவது என்ற எண்ணம் வருகிறது. இந்தக் கதிர் சூட்டால் வேலை செய்வதில்லை. இதன் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் திசுவின் மூலக்கூறுகளில் உள்ள பிணைப்புகளை நேரடியாக அறுக்கும் ஆற்றல் உண்டு. அறுபட்ட துணுக்குகள் ஆவியாய்ப் பறந்துவிட, பக்கத்துத் திசு ஏறக்குறைய எதையுமே உணராமல் இருக்கிறது. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ கால் மைக்ரான்தான் போகும். மேற்பரப்பிலேயே உட்கவரப்பட்டு விடுவதால் உள்ளே இருக்கும் லென்ஸையோ விழித்திரையையோ கதிர் எட்டுவதே இல்லை.

இந்தப் பண்பு கண்டுபிடிக்கப்பட்டது கண் மருத்துவமனையில் இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிளாஸ்டிக் படலங்களில் இந்த லேசரைப் பாய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1981 நவம்பர் 27 அன்று, முந்தைய நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் துண்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்று அதன் மேல் கதிரைச் செலுத்தினார். விளிம்பு கருகாமல், கத்தியால்கூட இயலாத துல்லியத்தோடு பள்ளம் விழுந்தது. அவரும் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகிய இரு சகாக்களும் இது அறுவை சிகிச்சைக்கு உதவும் என்று உணர்ந்தார்கள். 1983-ல் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கலுடன் சேர்ந்து, கருவிழியில் இந்த லேசரைப் பயன்படுத்தலாம் என்ற கட்டுரையை ஸ்ரீனிவாசன் வெளியிட்டார். கண் மருத்துவர் மார்கரீட் மெக்டொனால்ட் 1988-ல் பார்வையுள்ள மனிதக் கண்ணில் பிஆர்கே செய்தார். அமெரிக்காவில் 1995-ல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஸ்ரீனிவாசன், வின், பிளம் மூவருக்கும் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 2013-ல் வழங்கப்பட்டது. ஸ்ரீனிவாசன் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர் என்பதைப் படித்தபோது, எனக்கு எந்தப் பங்கும் இல்லாத ஒரு பெருமை வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சிகிச்சை நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் அது அவ்வளவு குறுகியது. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து விட்டார்கள். இமைகளை விரித்துப் பிடிக்கும் சிறு கம்பிக் கருவியை வைத்தார்கள். ஒரு வட்ட வளையத்தைக் கண்மேல் அழுத்தி அதற்குள் ஆல்கஹாலை ஊற்றி இருபது வரை எண்ணினார்கள். பிறகு நனைந்த காகிதத்தின் மேல் ஏட்டை உரிப்பதைப் போல மேல்தோலை ஒதுக்கியபோது, நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த பச்சைப் புள்ளி திடீரென்று கலைந்து ஒரு பச்சை மேகமாகிவிட்டது. "அசையாமல் அந்தப் பச்சையையே பாருங்கள், கண் கொஞ்சம் விலகினாலும் கருவி பின்தொடரும்" என்றார் மருத்துவர். டக்டக்கென்ற ஒலி, முடி கருகுவதைப் போன்ற ஒரு வாடை, அரை நிமிடத்துக்குச் சற்று மேல், முடிந்துவிட்டது. அதன் பிறகு மைட்டோமைசின் என்ற மருந்தில் நனைத்த பஞ்சுத் துண்டைச் சில விநாடிகள் வைத்து எடுத்து, குளிர்ந்த உப்பு நீரால் நன்றாகக் கழுவினார்கள். புற்றுநோய்க்குப் பயன்படும் மருந்து என்று அறிந்தபோது திடுக்கிட்டேன். ஆழமாகச் செதுக்கிய இடத்தில் ஸ்ட்ரோமாவின் செல்கள் தழும்பு உண்டாக்கும் செல்களாக மாறிப் புகைமூட்டம் போன்ற மங்கலை ஏற்படுத்தாமல் தடுக்கவே, மிக நீர்த்த அளவில், அதைத் தொட்டு எடுக்கிறார்கள். கடைசியாகப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதைப் போல, பவர் இல்லாத ஒரு கான்டாக்ட் லென்ஸைக் கண்மேல் வைத்து அனுப்பிவிட்டார்கள்.

பிறகு வந்தவைதான் உண்மையான சிகிச்சை நாட்கள். மரத்த உணர்வு விலகிய சில மணி நேரத்தில், இமைக்கு அடியில் யாரோ மணலைப் போட்டுக் கசக்குவதைப் போன்ற எரிச்சல் தொடங்கியது. உடலிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக முடியும் இடங்களில் ஒன்று கருவிழி. அந்த முனைகளின் மேல் இருந்த போர்வையை உரித்துவிட்டோம் என்பதுதான் வலியின் காரணம். இரண்டாம் நாள் உச்சம். மருத்துவமனையில் விட்ட அந்த மரத்துப்போகும் சொட்டு மருந்தைக் கேட்டு வாங்கி வந்திருக்கலாமே என்று தோன்றியது. அதைத் தொடர்ந்து விட்டால் மேல்தோல் வளர்வதே தடைபட்டுக் கருவிழி கெட்டுவிடும் என்பதால் எவருக்கும் வீட்டுக்குக் கொடுப்பதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். சன்னல்களைத் துணியால் மறைத்த அறையில், கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கண்ணீர் வழியப் படுத்துக் கிடந்தேன். அக்காதான் மூன்று குப்பிகளையும் கவனித்துக்கொண்டார். "தம்பி, மூடியின் நிறத்தை மட்டும் சொல்லிவிடு, மருந்தை நான் விடுகிறேன்" என்று அவர் கேட்டபோது, எனக்கு நிறமே தெரியவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

வலி அடங்கிய நான்காம் நாள் பார்வை மேலும் கெட்டுப்போனது. இதை முன்கூட்டியே யாரும் எனக்கு விளக்கவில்லை. விசாரணை மேசையில் இருந்தவர் ஐந்தாவது நாளே பளிச்சென்று தெரியும் என்று சொல்லியிருந்தார். எனவே பெரிதும் கலங்கிவிட்டேன். உள்ளே நடந்துகொண்டிருந்தது இதுதான்: புண்ணின் விளிம்பில் இருக்கும் செல்கள் தட்டையாகி, ஒன்றன் கையை ஒன்று விடாமல் நடுவை நோக்கி நகர்ந்து வருகின்றன. அவை எல்லாத் திசையிலிருந்தும் வந்து ஒன்றோடொன்று முட்டும் இடம், பாவைக்கு நேர் முன்னால் இருக்கும் மையம். அங்கே சில நாட்களுக்கு ஒரு மேடான தையல் கோடு நிற்கும். ஒளி அதன் வழியாகத்தான் நுழைய வேண்டும். கைப்பேசியில் எழுத்துகளைப் பெரிதாக்கிப் படிக்க முயன்றபோது ஒவ்வொரு எழுத்துக்கும் சற்று மேலே ஒரு நிழல் எழுத்து நின்றது. மெய்யெழுத்துகளின் புள்ளிகள் மட்டும் கரைந்து காணாமல் போயிருந்தன. 'கண்' என்ற சொல்லை 'கண' என்று படித்துவிட்டு, சற்று நேரம் பொருள் தேடிக்கொண்டிருந்தேன். தமிழில் பார்வையைச் சோதிக்க அந்தப் புள்ளியைவிடக் கடுமையான அளவுகோல் வேறு இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள் லென்ஸை எடுத்தார்கள். மேல்தோல் மூடியிருந்தது, ஆனால் மூடுவது வேறு, சமமாவது வேறு. மெல்லிய ஒற்றைப் படலமாக வந்து சேர்ந்த செல்கள் பழைய தடிமனுக்குப் பெருகி, மேடு பள்ளங்களை நிரவி, கண்ணாடி போல வழவழப்பாவதற்கு வாரங்கள் பிடிக்கின்றன. இரண்டாம் வாரம் புள்ளிகள் திரும்பி வந்தன. தூரத்துப் பெயர்ப்பலகைகள் ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் மங்கலாகவும் தெரிந்த நிலை ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்தது. லேசிக் செய்துகொண்டவர்கள் மறுநாளே அலுவலகம் போகிறார்கள் என்பது உண்மைதான். சில மாதங்கள் கழித்து இரு சாராரின் பார்வையையும் அளந்தால் பெரிய வேறுபாடு இருப்பதில்லை என்பதும் உண்மை. அதோடு, பல ஆண்டுகள் கழித்துக்கூட அடிபட்டால் இடம்பெயரக் கூடிய மடல் என் கண்ணில் இல்லை. குத்துச்சண்டை வீரர்களுக்கும் படைவீரர்களுக்கும் இந்த முறையைப் பரிந்துரைப்பது அதனால்தான்.

இந்தச் சில மாதங்களில் அலட்சியம் கூடாத இரண்டு விஷயங்கள் உண்டு. மங்கல் வராமலிருக்க ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைத்துப் பல வாரங்கள் விட வேண்டும். சிலருக்கு அது கண்ணின் உள்ளழுத்தத்தை ஓசையின்றி உயர்த்திவிடும் என்பதால், பார்வை நன்றாக இருக்கிறதே என்று மறுபரிசோதனையைத் தவிர்ப்பது ஆபத்து. வெயிலில் போகும்போது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி அணிய வேண்டும், ஏனென்றால் அந்தக் கதிரும் மங்கலைத் தூண்டும். கண் வறட்சி எனக்கு அரை ஆண்டு இருந்தது. பையில் செயற்கைக் கண்ணீர்க் குப்பி இல்லாமல் எங்கும் போனதில்லை.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பவர் குறைந்தது ஓராண்டாவது மாறாமல் இருக்க வேண்டும்; கருவிழி கூம்பும் நோயின் சாயல் வரைபடத்தில் தெரிந்தால் மேற்பரப்புச் சிகிச்சையும் பொதுவாகக் கூடாது; கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் காத்திருக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் பரிசோதனைக்குச் சில வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் லென்ஸ் அழுத்திய கருவிழியை அளந்தால் கிடைப்பது பொய்க் கணக்கு.

செதுக்கியது சன்னலைத்தான். நீண்டு வளர்ந்த என் கண்பந்து அதே நீளத்தில் இருக்கிறது. அதன் பின்சுவரில் இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியே இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை பாவையை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பதைக் கடந்ததும் வெள்ளெழுத்து எல்லோருக்கும் போல எனக்கும் வரும். அப்போது படிக்க ஒரு கண்ணாடி வாங்குவேன். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தத்தை அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதையும் எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் முதலில் சொல்லிவிட வேண்டும். முதுமையில் கண்புரை வந்து செயற்கை லென்ஸ் பொருத்தும்போது, அதன் பவரைக் கணிக்கப் பழைய கருவிழியின் அளவுகள் மிகவும் உதவும். 485 என்ற எண் அச்சான அந்த அறிக்கையின் தாள்களையும், சிகிச்சைக்கு முன்பு எடுத்த வண்ண வரைபடங்களையும் மூன்று நகல் எடுத்து, ஒன்றை அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.